தூரத்து மலை முதலில்

புளியரை சோதனைச் சாவடி.
பறவைக் காய்ச்சல் சீசன்.
மேற்கிலிருந்து இறங்கும் வண்டிகளுக்கு
டயர் நனைப்பது என் வேலை.
முதுகில் பதினாறு லிட்டர் மருந்து.
நான்கு சக்கரம், ஆறு, சில சமயம் பதினான்கு.
நனைத்து முடித்தால் ஒரு தலையசைப்பு.
போகலாம்.

மதியம் இரண்டரைக்கு மேல் வண்டி குறையும்.
அப்போதுதான் பெட்டியைத் திறப்பேன்:
பன்னிரண்டு வில்லைகள்,
தென்காசியில் நூற்று நாற்பது ரூபாய்.
கறுப்பைத் தொடாதே என்கிறது
பெட்டியோடு வந்த துண்டுச்சீட்டு.
பிறகு ஏன் வைத்தான் என்று சொல்லவில்லை.

தாளை நாலு பக்கமும் ஒட்டு.
ஒட்டினேன், வண்டி நம்பர் எழுதும் அட்டையின் மேல்.
வானத்தை ஒரே மூச்சில் இறக்கு,
அட்டையைச் சாய்த்துப் பிடி,
கீழ் விளிம்பில் திரளும் சொட்டை
அடுத்த இழுப்பு வந்து அழைத்துப் போகட்டும்.
என் சொட்டு காத்திருக்கவில்லை.
எஸ் வளைவில் பிரேக் பிடிக்காத லாரி மாதிரி
நேரே இறங்கி,
சேலைக்கு மேல் போட்டிருந்த காக்கிக் கோட்டில் போய் நின்றது.

பதினோரு வானம் கெட்டது.
பன்னிரண்டாவது கெடவில்லை, காய்ந்ததும்
பாதி நிறம்தான் மிச்சம்.
ஈரத்தில் பார்த்த நீலத்தை நம்பாதே என்று
இதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்,
கறுப்பைப் பற்றிப் பேசாமல்.

வெள்ளை வில்லை கிடையாது.
அருவி வேண்டுமென்றால் அந்த இடத்தில்
ஒன்றும் செய்யாதே, தாளை விட்டுவிடு.
ஒன்றும் செய்யாமலிருக்க இந்தக் கை பழகவில்லை.
வண்டியே வராத நேரத்திலும்
பம்ப் பிடியை அடித்துக்கொண்டிருக்கிற கை.

முப்பிடாதி அண்ணன் ரெஜிஸ்டரிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்:
"மலை பச்சைதானே, எதுக்கு ஊதா அப்புறே?"
நானும் முப்பத்தொன்பது வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.
ஏறிட்டுப் பார்த்தால்
முன்னால் நிற்கிற மலைக்கு மட்டும்தான் பச்சை.
அதன் பின்னால் இருப்பது நீலம்.
அதற்கும் பின்னால் ஒன்று,
சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி.

ஆகவே தூரத்து மலை முதலில்.
தண்ணீர் நிறைய, நிறம் பேருக்கு.
பிறகு காய வேண்டும்.
விரலால் அழுத்தாமல் புறங்கையால் தொட்டுப் பார்,
குளிர்ந்தால் இன்னும் ஈரம்.
நேற்று பொறுக்கவில்லை எனக்கு.
நடு மலை போய்க் கடைசி மலைக்குள் புகுந்து
காலிஃபிளவராகப் பூத்துவிட்டது.
இன்று பொறுத்தேன்.

காலி முட்டைத் தட்டுகளோடு வந்த ஷிபுலால்
வேனைவிட்டு இறங்கி எட்டிப் பார்த்தார்.
"சேச்சி, இந்தக் கடைசி மலை
எந்தா இத்ர வெளுத்துப் போயி?"
"தூரம்."
"தூரமோ? அதின்டெ தாழெயா என்டெ வீடு."

செல்போனில் காட்டினார். கழுதுருட்டி, வீட்டுப் படி,
கதவைத் திறந்தால் மூக்கில் இடிக்கிற மாதிரி அதே மலை,
ரப்பர் மரம் மரமாக எண்ணலாம்,
கரும்பச்சை.
கறுப்பைக் கொஞ்சம் தொட்டால்தான் வரும்.
அதன் பின்னால் ஒன்று நீலம்.
அதற்கும் பின்னால், பெரிதாக்கிப் பார்த்தால்,
இருக்கிறதா இல்லையா என்று ஒரு கோடு.
"அது நிங்ஙளுடெ சைடு."

என் பச்சை மலையின் முதுகு அது.
அதற்கும் இந்தப் பக்கம், அடிவாரத்தில்,
மருந்து டப்பா, ரெஜிஸ்டர், நான்.
ஷிபுலாலின் படியில் உட்கார்ந்து என்னை வரைய
இன்னும் எவ்வளவு தண்ணீர் கூட்ட வேண்டும்?

பின்னால் அன்னாசி வண்டி ஹாரன் அடித்தது.
வேனின் நாலாவது டயரை நனைத்தேனா, நினைவில்லை.
நனைத்ததாக எழுதிவிட்டார் அண்ணன்.

முன்மலை இன்னும் போடவில்லை.
புறங்கையால் தொடுகிறேன்.
குளிர்கிறது.